ஞாயித்துக்கிழமை கருப்பு மீனு

முத்தம்மா: ...அதான்யா நானும் கேக்கறேன். கருப்பு மீனுன்னா எந்தக் கருப்பு மீனு?

அருணாச்சலம்: கருப்பா இருக்கிற மீனு.

முத்தம்மா: கண்ணாடியத் தொடச்சிட்டு கூடையப் பாரு. முக்காவாசி கருப்பு தான் கீது இதுல.

அருணாச்சலம்: அதுல ஒண்ணு குடு.

முத்தம்மா: ஒண்ணு குடு, ஒண்ணு குடு... இந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் கேட்டாண்ட எத்தினியோ வருஷமா ஒக்காந்து விக்கிறேன். பேரு சொல்லாம கலரு சொல்லி மீனு கேக்கற ஒரே ஆளு நீ தான். பொடவ கடைக்கு வந்தா மாதிரி.

அருணாச்சலம்: வேற யாரும் கேக்கறதில்லயா இன்னா? நேத்து கூட ஒரு அம்மா ஸ்கூட்டரை நிறுத்தி, கருப்பு மீனு இருக்கான்னு கேட்டுச்சே.

முத்தம்மா: நேத்து நீ எங்க இங்க வந்த? உனக்கு ஞாயித்துக்கிழமை தானே மீனு?

அருணாச்சலம்: டீ குடிக்க வந்தேன். மேரி கடையில.

முத்தம்மா: ஓகோ. உங்க ரோலிங் மில்லு கேண்டீன்ல டீ போடறத நிறுத்திட்டாங்களா?

அருணாச்சலம்: அந்த டீய மனுஷன் குடிப்பானா... சரி, அந்த அம்மா கேட்டுதா இல்லயா, அதைச் சொல்லு.

முத்தம்மா: கேட்டாங்க. அவங்க வள்ளூரு. ஊட்டுக்காரரு பவர் பிளாண்ட்ல வேலை. அவங்க ஊட்ல கருப்பு மீனுன்னா கருப்பு வவ்வா. துண்டு போட்டு வறுக்கறதுக்கு. வேற எதைக் காட்டினாலும் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க.

அருணாச்சலம்: அப்ப எனக்கும் அதுவே போடு. அது தான் கருப்பு மீனு.

முத்தம்மா: அது அவங்களுக்குயா. ஆரம்பாக்கத்துல போயி கருப்பு மீனுன்னு சொல்லிப் பாரு. ஏரியில, கழனி வாய்க்கால்ல கெடைக்கிற விராவைத் தான் கையில எடுத்துக் குடுப்பாங்க. வவ்வாவ நீட்டினா, இது இன்னாடி தட்டு மாதிரி கீதும்பாங்க.

அருணாச்சலம்: ஊருக்கு ஒண்ணா?

முத்தம்மா: ஊட்டுக்கு ஒண்ணு. எங்க பழவேக்காட்டுல எங்கண்ணன் ராஜவேலு கைல கேட்டா, செத்தகெண்டைய காட்டும். ஏரியில சேத்தோரமா திரியும் பாரு, அகலமா, மேல புள்ளி புள்ளியா. அது தான் அதுக்கு கருப்பு மீனு. மத்ததெல்லாம் மீனே இல்லன்னும்.

அருணாச்சலம்: ஒரு பேர வெச்சிகினு இத்தினி பேரு பேஜாரு பண்றீங்களே.

முத்தம்மா: இன்னும் கேளு. தடா பக்கத்து ஆளுங்க நல்ல சேப்பன்னு கேப்பாங்க. தெலுங்குல நல்லன்னா கருப்பு, சேப்பன்னா மீனு. எனக்கு ஆரம்பத்துல எங்க தெரியும்? எங்கிட்ட எல்லாமே நல்ல சேப்ப தான் நைனா, ஐஸு கூட வெக்கலன்னு சொல்லிகினு இருந்தேன். அப்பறம் பாத்தா அவங்க கேட்டது ஜிலேபி.

அருணாச்சலம்: மீன்காரிகிட்ட வந்து ஏன் ஜிலேபி கேக்கறாங்க?

முத்தம்மா: ...

அருணாச்சலம்: இன்னா சிரிக்கிற?

முத்தம்மா: ஜிலேபின்னு ஒரு மீனு கீதுயா.

அருணாச்சலம்: தெரியும், தெரியும். சும்மா உன்னை டெஸ்ட் பண்ணேன்.

முத்தம்மா: நீ தான... பண்ணுவ, பண்ணுவ. சரி, இன்னிக்கி இன்னா மொகம் ஒரு மாதிரி கீது? ராத்திரி ஷிப்டா?

அருணாச்சலம்: இல்ல. வெயிலு.

முத்தம்மா: பொழுது சாஞ்சி காத்து வருது. எங்கேர்ந்து வந்துச்சு வெயிலு?

அருணாச்சலம்: ஒண்ணுமில்ல முத்தம்மா... ஒரிசாவுல புதுசா ஒரு பிளாண்ட் போடறாங்க. பெரிய கிரேனு. எங்க கான்ட்ராக்டரு மணவாளன் சாரு என்னைக் கூப்புடறாரு.

முத்தம்மா: எதுக்கு?

அருணாச்சலம்: கிரேன் ஓட்டறவன வேற எதுக்குக் கூப்புடுவாங்க? ரெண்டு வருஷம். அப்பறம் அங்கயே நெலச்சாலும் நெலச்சிடலாம்ன்றாரு.

முத்தம்மா: ம்...

அருணாச்சலம்: ரூமு குடுக்கறாங்க. சாப்பாடு அவங்களுது.

முத்தம்மா: எப்ப போவணும்?

அருணாச்சலம்: புதன்கிழமை டிரெயினு. இன்னிக்கு இருட்டறதுக்குள்ள பதிலு சொல்லணும். போன் பண்றேன்னு இருக்காரு.

முத்தம்மா: நல்ல விஷயம் தான.

அருணாச்சலம்: நல்ல விஷயம் தான். அதான் யார்னா ஒருத்தர கேட்டுகினு சொல்லலாம்னு...

முத்தம்மா: கேக்க வேண்டியவங்கள கேளு.

அருணாச்சலம்: எனக்கு யாரு கீறாங்க? அம்மா போய்ச் சேந்துச்சு. திருப்பாச்சூர்ல அக்காவுக்கு போன் போட்டேன். தனிக்கட்ட தானடா, எங்க இருந்தா இன்னா, போடான்னுச்சு.

முத்தம்மா: அப்பறம் இன்னா? போ.

அருணாச்சலம்: நீயும் போன்னு தான் சொல்றியா?

முத்தம்மா: நான் இன்னாயா சொல்றது. நான் மீனு விக்கிறவ.

அருணாச்சலம்: இல்ல, பழக்கமான ஆளுன்ற மொறையில...

முத்தம்மா: பழக்கமான ஆளுன்ற மொறையில தான் சொல்றேன். ஒடம்ப பாத்துக்க. அங்க பனி ஜாஸ்தின்னுவாங்க. காதுல துணி கட்டிக்க.

அருணாச்சலம்: ஏ... பாத்து, வெரலு.

முத்தம்மா: என் வெரலு எனக்குத் தெரியும்.

அருணாச்சலம்: அந்த மீன ஏற்கனவே ஒரசிட்ட. செதிலே இல்ல அதுல. திரும்பவும் ஒரசிகினு கீற.

முத்தம்மா: ...ஒட்டிகினு இருந்துச்சு ஒண்ணு ரெண்டு. உனக்கு இன்னா தெரியும்?

சோனியா: யக்கா, சீக்கிரம்க்கா, பஸ்ஸு கெளம்பிடும்.

முத்தம்மா: வா சோனியா. இந்த ஞாயித்துக்கிழமையும் கம்பெனி தானா?

சோனியா: ஓவர்டைம்க்கா. வர மாட்டேன்னா சூப்பர்வைசரு ஒரு வாரம் மொகத்தத் தூக்கி வெச்சிகினு சுத்துவான். அம்மா கருப்பு மீனு வாங்கியாரச் சொல்லிச்சு.

அருணாச்சலம்: விரா.

சோனியா: அட, அண்ணன் கரெக்டா சொல்றாரே.

முத்தம்மா: ஆரம்பாக்கத்துப் பொண்ணு கேட்டா விரா தான்னு இப்ப தான் படிச்சாரு. மறக்கறதுக்குள்ள ஒப்பிச்சிட்டாரு.

சோனியா: யக்கா, ஈரச் சாக்கு போட்டு மூடி வெச்சிருக்கியே சின்ன அன்னக்கூட, அதுல இன்னா? காட்டு... ஐய, செத்தகெண்ட. ஒவ்வொண்ணும் கையகலம் கீது. இதைக் குடுக்கா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.

முத்தம்மா: அது வேணாம்மா.

சோனியா: ஏன், நாளாயி மெதுவா பூடுச்சா?

முத்தம்மா: என் கூடையில மெதுவான மீனு பாத்திருக்கியா நீ? அது விக்கிறதுக்கு இல்ல. சாக்க மூடு.

சோனியா: அண்ணனுக்கு மட்டும் வாரா வாரம் இதுலேர்ந்து தான எடுத்துக் குடுக்குற. நான் பஸ்ஸுக்கு நிக்கிறப்ப பாத்துகினு தான் கீறேன்.

முத்தம்மா: அவரு... பழைய கிராக்கி.

சோனியா: நான் ஸ்கூல் யூனிபார்ம்ல வந்து வாங்கினவ. என்னை விட பழைய கிராக்கியா?

முத்தம்மா: வாயாடிகினே நில்லு, பஸ்ஸு பூடும். இந்தா விரா. ரெண்டு தலையும் ஒனக்கு சும்மா போட்டிருக்கேன்.

சோனியா: தலைக்கு மயங்கற ஆளு நானு... சரி. அண்ணா, ஒரிசா போறீங்களாமே?

அருணாச்சலம்: யாரு சொன்னா?

சோனியா: உங்க பக்கத்து ரூமு பீட்டர் மாமா. எங்கம்மாவுக்கு சித்தப்பா மவன் அவரு. காலைல சர்ச்சுல ஒரே பொலம்பலு. ஞாயித்துக்கிழமையானா அருணாச்சலம் அண்ணன் மீனு குடுப்பாரு, ஒரு கொழம்பு வெச்சி நல்லா சாப்டுகினு இருந்தோம், அதுக்கும் வந்துச்சு வேட்டுன்றாரு.

அருணாச்சலம்: சோனியா, உன் பஸ்ஸு...

சோனியா: இன்னும் ஆரன் அடிக்கல. நீங்க தான் தொடவே மாட்டீங்களாமே. பாத்திரத்தக் கூட எட்ட நின்னு நீட்டுவீங்கன்னு... ஐயோ, கெளம்பிட்டான். வரேன்க்கா. வரேன்ணா.

முத்தம்மா: பாத்து ஓடு...

அருணாச்சலம்: முத்தம்மா.

முத்தம்மா: இன்னா.

அருணாச்சலம்: அந்தப் பொண்ணு சொன்னது...

முத்தம்மா: காதுல விழுந்துச்சு.

அருணாச்சலம்: நானே இன்னிக்கு சொல்லிட்டுப் போவலாம்னு தான் வந்தேன். இனிமே எனக்குன்னு எடுத்து வெக்காதன்னு. நான்... மீனு திங்க மாட்டேன். எங்க ஊட்ல யாரும் திங்க மாட்டாங்க. பரம்பர சைவம். கவுச்சி வாசன வந்தா எங்கம்மா தெருவையே சுத்திகினு போவும்.

முத்தம்மா: தெரியும்.

அருணாச்சலம்: தெரியுமா? பீட்டரு வந்து சொன்னானா?

முத்தம்மா: பீட்டரு இன்னாத்துக்கு? நீயே சொன்ன.

அருணாச்சலம்: நான் எப்ப சொன்னேன்?

முத்தம்மா: மழைக்காலத்துல மூணு வாரம் உனக்கு மூணு வித மீனு குடுத்தேன். ஒரு வாரம் வவ்வா. ஒரு வாரம் விரா. அடுத்த வாரம் செத்தகெண்ட. எப்டியா இருந்துச்சுன்னு கேட்டா, மூணு தடவையும், போன வாரம் மாதிரியே சூப்பரா இருந்துச்சுன்ன. வவ்வாவுல நடு முள்ளு ஒண்ணு தான். செத்தகெண்டையில முள்ளு எடுக்கத் தெரியாதவன் தொண்டைய புடிச்சிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். போன வாரம் மாதிரியேவாம்.

அருணாச்சலம்: அப்பவே மூஞ்சில கேட்டிருக்கலாம்ல.

முத்தம்மா: அதுக்கு முன்னாடியே தெரியும். மீனு வாங்கறவன் செவுளத் தூக்கிப் பாப்பான். வயித்த அழுத்திப் பாப்பான். நீ மீனையே பாக்க மாட்ட. என் மூஞ்சியப் பாத்துகினு பைய நீட்டுவ.

அருணாச்சலம்: சிரிக்காத முத்தம்மா. எனக்கு வெக்கமா கீது.

முத்தம்மா: சொல்லு. எதுக்குயா இந்த வேஷம்?

அருணாச்சலம்: மொத நாளு நல்ல மழ. மேரி கடையில ஒதுங்கி நின்னுகினு இருந்தேன். நீ நனஞ்சிகினே ஒரு ஆளுகிட்ட சண்ட போட்டுகினு இருந்த. அவன் போனதும் நீயா சிரிச்ச. தனியா. எனக்கு அந்த சிரிப்பப் பாத்ததும் உன்கிட்ட எதுனா பேசணும் போல இருந்துச்சு. மீனு கடையாண்ட வந்து மீனு கேக்காம இன்னாத்த கேக்கறது?

முத்தம்மா: அதுக்கு கருப்பு மீனா?

அருணாச்சலம்: ஒரு மீனு பேரும் தெரியாது எனக்கு. முன்னாடி கருப்பா ஒண்ணு கெடந்துச்சு. கருப்பு மீனு குடுன்னேன். அப்பறம் மாத்த பயம். வேற பேரு எதுனா சொல்லி மாட்டிகினா?

முத்தம்மா: ஏன், ஜிலேபின்னு சொல்லியிருக்கலாம்.

அருணாச்சலம்: கிண்டல் பண்ணு. இனிமே பண்ண ஆளு இருக்க மாட்டேன். ஒண்ணு கேக்கறேன். நான் திங்க மாட்டேன்னு தெரியும். வேற யாரோ திங்கறாங்கன்னும் தெரியும். அப்பறம் எதுக்கு இருக்கறதுல நல்லதா பாத்து எனக்கு மூடி வெச்ச? அந்தப் பொண்ணு ஆசையா கேட்டுச்சு. வித்திருக்கலாமே.

முத்தம்மா: அது விக்கிற மீனு இல்லயா.

அருணாச்சலம்: அதையே தான் அவகிட்டயும் சொன்ன. ஏன்னு சொல்ல மாட்டன்ற.

முத்தம்மா: சொன்னா நீ வேற மாதிரி எடுத்துப்ப.

அருணாச்சலம்: எப்டி எடுத்துப்பேன்? சொல்லு.

முத்தம்மா: எங்க ஜனங்க கிட்ட ஒரு பழக்கம் கீது. படகு கரைக்கு வந்து வலைய ஒதறினதும், ஏலத்துக்குக் கொட்டறதுக்கு முன்னாடி ஊட்டு சோத்துக்குன்னு ஒரு கை எடுத்து தனியா வெச்சிருவாங்க. அது ஊட்டு மீனு. அதைத் தராசுல வெக்கக் கூடாது. எவ்ளோ வெல குடுத்தாலும் விக்கக் கூடாது. வித்தா வலையில மறுபடி நெறயாதுன்னு எங்கண்ணன் அடிக்கவே வரும்.

அருணாச்சலம்: அப்ப அந்த அன்னக்கூட...

முத்தம்மா: என் பங்கு. எங்கண்ணன் எனக்கும் எம்பொண்ணு நந்தினிக்கும்னு எடுத்து வெக்கிறது.

அருணாச்சலம்: ஆனா நான் டப்பு குடுத்தேனே. வாரா வாரம்.

முத்தம்மா: ஒரு நாளாச்சும் உன் மீன தராசுல வெச்சனா? நல்லா யோசிச்சுப் பாரு.

அருணாச்சலம்: ...வெக்கல.

முத்தம்மா: அந்தக் காச எங்க ஊட்டுக்குள்ள எடுத்துகினு போறதும் தப்பு. அதான் மேரிகிட்ட குடுத்துடுவேன். நீ ஞாயித்துக்கிழம குடிக்கிற டீ, திங்கிற வட, எல்லாம் உன் டப்பு தான். மேரி உன்கிட்ட காசு கேட்டுச்சா எப்பவாச்சும்?

அருணாச்சலம்: பழக்கத்துல குடுக்குதுன்னு நெனச்சிகினு இருந்தேன்.

முத்தம்மா: அது பெத்த புள்ளைக்கே கணக்கெழுதும்.

அருணாச்சலம்: அப்ப நீங்க ரெண்டு பேரும்... ஞாயித்துக்கிழமை?

முத்தம்மா: ரசம்.

அருணாச்சலம்: இன்னாது?

முத்தம்மா: ரசமும் அப்பளமும். ஊரே மீனு கொழம்பு வாசன அடிக்கும், மீன்காரி ஊட்ல மட்டும் ரசம் கொதிக்கும்.

அருணாச்சலம்: அடிப்பாவி... எனக்கு ரசம்னா உசுரு. நான் இங்க மெஸ்ஸுல வெந்நி மாதிரி ஒண்ண குடிச்சிகினு, உங்க மீன பீட்டருக்கு தானம் பண்ணிகினு...

முத்தம்மா: நீ மட்டும் வாயத் தொறந்து சொன்னியா?

அருணாச்சலம்: நந்தினி ஒண்ணும் கேக்கலயா உன்ன?

முத்தம்மா: கேக்காம இருக்குமா? நர்சிங் படிக்கிற புள்ள, அது கண்ணுல மறைக்க முடியுமா? மொதல்ல, மீனு யாருக்குப் போவுதுன்னு கேட்டுச்சு. கருப்பு மீனு கேட்டு ஒருத்தர் வருவாருன்னேன். எந்தக் கருப்பு மீனுன்னுச்சு. எதைக் குடுத்தாலும் வாங்கிக்குவாருன்னேன். அன்னிலேர்ந்து உனக்கு அது தான் பேரு.

அருணாச்சலம்: எனக்கா?

முத்தம்மா: நான் கூடைய எறக்கறதுக்குள்ள வாசல்ல நின்னு கேக்கும், இன்னிக்கி கருப்பு மீனு வந்துச்சாமான்னு. எங்கண்ணனுக்கு செத்தகெண்ட, அவங்களுக்கு வவ்வா, இவங்களுக்கு விரா. எங்க ஊட்ல கருப்பு மீனுன்னா நீ தான்.

அருணாச்சலம்: அது கோவமா கேக்குமா, இல்ல...

முத்தம்மா: போன வாரம் ரசம் ஊத்திகினே சொல்லுது, மீன கும்மிடிப்பூண்டிக்கும் பழவேக்காட்டுக்கும் எதுக்குமா அலைய வெக்கிற, ஆள இங்க கூட்டியாந்தா எல்லாரும் ஒண்ணா சாப்டலாமில்லன்னு.

அருணாச்சலம்: நீ இன்னா சொன்ன?

முத்தம்மா: வாய மூடிகினு சாப்புடுன்னேன்.

அருணாச்சலம்: முத்தம்மா... நேரா கேக்கறேன். போவாதன்னு சொல்றியா?

முத்தம்மா: நான் அப்டி சொன்னனா? மீனைப் பத்தி கேட்ட, சொன்னேன்.

அருணாச்சலம்: மீனைப் பத்தி மட்டும் தானா?

முத்தம்மா: எனக்கு பயமா கீதுயா. நந்தினி அப்பா ஏரியில முழுகிப் போனப்பறம், நான் யாரையும் இருன்னு சொன்னதில்ல. சொல்லி, அப்பறம் அவங்க இல்லன்னா... அதுக்கு சொல்லாமயே இருந்துட்டா தேவல. அதான் மீனா குடுத்துகினு இருந்தேன். இன்னிக்கு நீ புதன்கிழமை டிரெயினுன்னு சொன்னதும் ஒரசின மீனையே ஒரசினேன். போதுமா? இன்னா, கண்ணாடியக் கழட்டற?

அருணாச்சலம்: தூசி.

முத்தம்மா: உன் போனு அடிக்குது.

அருணாச்சலம்: மணவாளன் சாரு.

முத்தம்மா: எடு.

அருணாச்சலம்: இன்னா சொல்லட்டும்?

முத்தம்மா: உன் வாயி, உன் பதிலு. எடுயா, நின்னுடப் போவுது.

அருணாச்சலம்: அலோ... சொல்லுங்க சார்... ஆமா சார், நல்லா யோசிச்சேன்... இல்ல சார், நான் வரல... சம்பளம்லாம் ஒண்ணுமில்ல சார், நீங்க சொன்னதே பெருசு... ஊட்ல விட மாட்டேன்றாங்க... ஆமா சார், ஊட்ல தான்... ஒரு நிமிஷம் சார், லைன்லயே இருங்க... முத்தம்மா, சாரு கேக்கறாரு, உனக்கு ஏதுயா ஊடு, ரூமுல தான இருக்கன்னு. இன்னா சொல்றது?

முத்தம்மா: பழவேக்காடுன்னு சொல்லு... மீன்கார முத்தம்மா ஊடுன்னா யார்னா வழி காட்டுவாங்க.